நாற்பதில் நிற்கிறது

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே சுகம். நீயும் உன் வீட்டுக்காரியும், நான் இன்னும் முகம் பார்க்காத குட்டிப்பெண்ணும் சுகமா? குட்டிக்குத் தலை நின்றுவிட்டதா?

வருகிறேன் என்று சொல்லி வராமல் போவது இது இரண்டாவது தடவை. நீ மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பாய் என்று தெரியும். நான் என்ன செய்ய? கார் மக்கர் பண்ணுகிறது. இரவு கேபிளை மாட்டிவிட்டுப் படுத்தால், காலையில் பார்க்கும்போது நாற்பது சதவீதம்தான் ஏறியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு உன் ஊருக்குப் பாதி வழிகூட வர முடியாது. சார்ஜரில் ஏதோ கோளாறு, இதை நம்பி நெடுந்தூரம் கிளம்பி நடுரோட்டில் நிற்காதே என்கிறார் உன் அத்தான்.

நீ லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள மாடிக்கெல்லாம் ஜனங்களை ஏற்றி இறக்குகிறாய். உன் அக்காவின் வண்டியில் கொஞ்சம் மின்சாரம் ஏற ஒரு வழி சொல்லக் கூடாதா? உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். குட்டிக்குத் தலை நின்றுவிட்டது, தூக்கம்தான் நிற்கவில்லை. வீடே சிவந்த கண்ணோடு நடமாடுகிறது. அத்தானும் நீயும் சௌக்கியம்தானே?

முதலில் ஒரு சண்டை. இந்தக் காலத்தில் யாராவது சார்ஜர் கோளாறுக்குக் கடிதம் எழுதுவார்களா? போனில் கூப்பிட்டால் பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை. நான் கூப்பிட்டாலும் அத்தான்தான் எடுத்து, அக்கா வேலையாக இருக்கிறாள் என்கிறார். அப்படி என்ன ஓயாத வேலை?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சார்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது சுவரில் உள்ள பிளக்கைத் தொட்டுப் பார். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிடு, உள்ளே ஒயர் தளர்ந்திருக்கும். அடுத்து, கேபிளின் நடுவில் இருக்கிற பெட்டியைப் பார். பச்சை விளக்கு எரிந்தால் நல்லது, சிவப்பு என்றால் எர்த் சரியில்லை. சார்ஜ் நின்றபிறகு மெயின் சுவிட்ச் கீழே விழுந்திருக்கிறதா? ஏசி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு நாள் போட்டுப் பார். நீ அப்பாவின் கடையில் மோட்டாருக்குக் காயில் சுற்றிய ஆள், உனக்கு இதைவிட விளக்க வேண்டாம்.

குட்டியின் கை ரேகையை மை தொட்டு இதோடு வைத்திருக்கிறேன். அவள் அத்தைக்குப் போட்ட முதல் கையெழுத்து.

தம்பி

பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும். கை ரேகை வந்து சேர்ந்தது. ஐந்து விரலையும் எண்ணிப் பார்த்தேன், எனக்கு வேறு என்ன வேலை.

நீ சொன்ன எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். பிளக் லேசான வெதுவெதுப்புதான். பெட்டியில் பச்சை. மெயின் விழவில்லை. வீட்டில் ஒரு விளக்குக்கூட எரியாமல் போட்டும் பார்த்தேன், அதே கதை. பல் டாக்டரின் கிளினிக்கில் எனக்குக் காலை நேர வேலை என்று உனக்குத் தெரியும். அங்கே கார் நிறுத்துமிடத்தில் உள்ள பிளக்கில் மாட்டினேன். அங்கேயும் நாற்பதில் நின்றது. சூடாகி நின்றால் ஒரு நாள் முப்பதிலும் இன்னொரு நாள் ஐம்பதிலும் நிற்க வேண்டும், இல்லையா? இது நாற்பதைத் தாண்டுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அப்பா இருந்தால், இது கோளாறு மாதிரியே இல்லையே என்று தலையைச் சொறிந்திருப்பார்.

உன் கடிதத்தை உன் அத்தானும் படித்தார். உனக்கு ஃபியூஸ் என்று பேர் வைத்திருக்கிறார். தமாஷுக்குத்தான். போனைவிட எழுதுவதுதான் எனக்குப் பேசிய மாதிரி இருக்கிறது, அதனால் கோபப்படாமல் எழுது.

அக்கா

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம், குட்டிக்கு மட்டும் சளி. அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். ஃபியூஸ் என்ற பேர் எனக்குப் பிடித்திருக்கிறது, வீட்டைக் காப்பாற்றுகிற சாமான்தானே.

அக்கா, உன் மூளைக்கு ஒரு சபாஷ். நீ நினைத்தது சரி, இது கோளாறே இல்லை. பிளக், எர்த், ஒயர், கேபிள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. இந்த மாதிரி வண்டிகளில் இத்தனை சதவீதம் ஏறியதும் நிறுத்து என்று ஓர் அளவு வைக்கலாம். பேட்டரி நாள்பட உழைப்பதற்காகச் சிலர் எண்பதில் வைப்பார்கள். உன் வண்டியில் யாரோ நாற்பதில் வைத்திருக்கிறார்கள். வண்டியின் ஆப் யாருடைய கைப்பேசியில் இருக்கிறதோ அதில் மாற்ற வேண்டும். அத்தானுடையதில்தான் இருக்கும். கை தவறிப் பட்டிருக்கும். சாயங்காலம் அவர் டீ குடிக்கும்போது கேட்டுப் பார், ஒரு நிமிஷ வேலை. 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன்னை இங்கே எதிர்பார்க்கிறோம்.

தம்பி

மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ கேட்டிருந்த விஷயம் சரியாகிவிட்டது. இனி வண்டியைப் பற்றி எழுத வேண்டாம். கிளினிக்கில் வேலை அதிகம், வர இயலாது. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
அக்கா

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? கேட்கிறேன், இந்தத் தடவை பதில் வேண்டும்.

ஒரு மாதம் கழித்து நாலு வரி எழுதியிருக்கிறாய். அதில் குட்டியின் சளி விட்டதா என்று ஒரு வார்த்தை இல்லை. என்னைத் திட்டி ஒரு சொல் இல்லை. இயலாது என்று எழுதுகிற ஆளா நீ? முடியாது போடா என்றுதானே எழுதுவாய். கடிதத்தை என் வீட்டுக்காரியிடம் காட்டினேன். இது அண்ணி கையெழுத்துதான், ஆனால் அண்ணி எழுதியது இல்லை என்றாள்.

லீவு சொல்லிவிட்டேன். இந்த மாதக் கடைசியில் வந்து நிற்கிறேன்.

தம்பி

மார்ச் 26

தம்பி,

வராதே. இதை முதலில் படி, பிறகு மற்றதை.

கிளினிக்கிலிருந்து எழுதுகிறேன். பக்கத்து மருந்துக்கடைக்கு வருகிற தபால்காரரிடம் கையோடு கொடுத்துவிடுவேன். நீ இந்த விலாசத்துக்குப் பதில் போட்டுவிடாதே. பல் டாக்டர் உன் அத்தானுடன் படித்தவர், எனக்கு எது வந்தாலும் பத்திரமாக அவரிடம் சேர்த்துவிடுவார்.

நலம் என்று எழுதினேனே, அத்தனையும் பொய். நீ சொன்னபடி டீ குடிக்கும்போது கேட்டேன். அவர் கத்தவில்லை, அவர் கத்துகிற ஆளே இல்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். "நான்தான் வெச்சேன். உனக்கு எவ்வளவு தூரம் போகணும்னு எனக்குத் தெரியாதா? கிளினிக், காய்கறிக் கடை, வீடு. அதுக்கு இது தாராளம்." மறுநாள் காலை பார்த்தால் வண்டி இருபத்தைந்தில் நின்றிருந்தது. கேட்டதற்குத் தண்டனை. இத்தனை மாதமாகச் சார்ஜர் கோளாறு என்று என்னை நம்பவைத்திருக்கிறார். நானும் மடச்சி மாதிரி பிளக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

போனில் நான் பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்வார். வருகிற கடிதத்தைப் பிரிப்பார், போகிற கடிதத்தைப் படித்துவிட்டு ஒட்டுவார். புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன ஒளிவு மறைவு என்பார். போன கடிதம் அவர் சொல்லச் சொல்ல எழுதியது. முன்பு நீ வந்துபோனாயே, நினைவிருக்கிறதா? உன்னை விழுந்து விழுந்து கவனித்தார். நீ கிளம்பிய பிறகு ஒரு மாதம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷன், பாத்திரத்தைப் பார்ப்பது போல என்னைப் பார்ப்பார். அதைவிட அடித்திருக்கலாம்.

நான் வந்துவிடுகிறேன், தம்பி. ஒரேயடியாக. ஆனால் நீ வந்து கூட்டிப்போக வேண்டாம். தம்பி வந்து குடும்பத்தைக் கலைத்துவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்வார். நானே கிளம்ப வேண்டும், அதுவும் வண்டியில். அது அப்பாவின் கடையை விற்றதில் என் பங்குக்கு வாங்கியது, என் பேரில் இருப்பது. அதை அவரிடம் விட்டுவிட்டு நான் ஏன் பஸ் ஏற வேண்டும்? வழியில் காசு கட்டிச் சார்ஜ் போடலாமென்றால் அதற்கான கணக்கும் அவர் கைப்பேசியில். வீட்டிலேயே முழுக்க ஏற்றினால்தான் உண்டு.

நீ வீட்டு விலாசத்துக்கே எழுது. உன் கடிதத்தில் அவர் முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் படிப்பார். நடுவில் ஒயர், ஆம்பியர் என்று வந்ததும், "ஃபியூஸ் ஆரம்பிச்சுட்டான்" என்று கொட்டாவி விட்டு என்னிடம் போட்டுவிடுவார். பிப்ரவரியில் நீ எழுதியதையும் அப்படித்தான் படிக்காமல் விட்டார். உன்னால் முடிந்த அளவுக்கு அறுவையாக எழுது.

அக்கா

ஏப்ரல் 4

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தானுக்கும் அக்காவுக்கும்,

இருவரும் பூரண நலத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வேலை நெருக்கடியில் என்னால் அங்கே வர முடியவில்லை, மன்னிக்க வேண்டும். அத்தானின் பதவி உயர்வு பற்றிக் கேள்விப்பட்டோம். எங்களுக்கெல்லாம் பெருமை.

அக்கா, நீ வீட்டு ஒயரிங் பற்றி முன்பு கேட்டதால் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன். ஒயரின் தடிமன் கூடினால் தாங்கும் ஆம்பியரும் கூடும். இரண்டரை மில்லிமீட்டர் ஒயருக்கு ஒரு கணக்கு, நாலு மில்லிமீட்டருக்கு வேறு கணக்கு. ஒயர் நீளமாகப் போனால் வோல்டேஜ் குறையும், பைப்புக்குள் போனால் சூடு வெளியேறாது, ஆகவே தாங்கும் ஆம்பியர் மறுபடி குறையும். தாமிரத்துக்கும் அலுமினியத்துக்கும் இதில் வித்தியாசம் உண்டு. ஃபியூஸ் ஒயரை விடப் பலவீனமாக இருக்க வேண்டும், அப்போதுதான் முதலில் அது போகும். வண்டியிலும் அப்படியே. ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் இடிக்கிற இடத்தில் ஒரு மூடி இருக்கிறது. திறந்தால் வரிசையாகச் சின்னச் சின்ன ஃபியூஸ்கள். எது எதற்கு என்று மூடியின் உள்பக்கமே படம் போட்டிருக்கும். அதில் செய்தித் தொடர்புக்கு என்று ஒன்று உண்டு. அதைப் பிடுங்கினால் வண்டி வழக்கம்போல ஓடும், சார்ஜ் ஏறும், கைப்பேசிக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு ஏறியது, எதுவும் போகாது. அங்கிருந்து யாரும் எதையும் மாற்றவும் முடியாது. முதலில் அவ்வப்போது ஒரு மணி நேரம் பிடுங்கிவிட்டுத் திரும்பப் போடு, தொடர்பு இப்படித்தான் விட்டுவிட்டு வரும் என்று பழகிப்போகட்டும். சார்ஜ் அளவை வண்டியின் திரையிலேயே மாற்ற முடிகிறதா என்று பார். முடிந்தால், வீட்டில் ஆள் இல்லாத ஒரு பகல் போதும். எர்த் கம்பியைப் பொறுத்தவரை, மண் ஈரமாக இருந்தால் தடை குறையும், வறண்டால் கூடும், கரியும் உப்பும் போடுவது அதற்காகத்தான்.

குட்டி இப்போது குப்புறக் கவிழ்ந்து, திரும்பத் தெரியாமல் அழுகிறாள். அத்தானை மாமா மாமா என்று கூப்பிடும் நாள் தூரமில்லை. இருவருக்கும் எங்கள் வணக்கம்.

தங்கள் அன்புள்ள,
தம்பி

ஏப்ரல் 19

தம்பி,

மருந்துக்கடை வழியாக மறுபடியும். அவசரமாக எழுதுகிறேன்.

உன் கடிதத்தைக் கையில் வாங்கியபோது எனக்கு உயிரே இல்லை. இரண்டரை மில்லிமீட்டர் வரைக்கும் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். இன்னும் நாலு வரி தாண்டியிருந்தால் நாம் தொலைந்தோம்.

ஃபியூஸைப் பிடுங்குவது எனக்கு இப்போது கை வந்த கலை. காய்கறிக் கடை வாசலில் பிடுங்குவேன், வீட்டுத் தெரு முனையில் திரும்பப் போடுவேன். கைப்பேசியைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். ஆனால் திரையில் சார்ஜ் அளவைத் தொட்டால் நாலு எண் ரகசியக் குறி கேட்கிறது. அவர் பிறந்த நாள், கல்யாண நாள் எல்லாம் போட்டுப் பார்த்தேன், திறக்கவில்லை. இன்னும் தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளுமோ என்று பயந்து விட்டுவிட்டேன். எவ்வளவு ஏறலாம் என்று அவர் ஒருவர்தான் சொல்ல முடியும். நான் என்ன செய்ய?

அக்கா

ஏப்ரல் 27

அன்பு மைத்துனருக்கு,

நலம், நாடுவதும் அதுவே. இல்லத்தரசிக்கும் குழந்தைக்கும் ஆசிகள்.

நான் உங்களுக்கு எழுதுவது இதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன். அக்காவின் வண்டிக்கும் என் கைப்பேசிக்கும் தொடர்பு அடிக்கடி அறுந்துபோகிறது. பெரும்பாலும் அவள் வெளியே போயிருக்கும் நேரத்தில். என்ன காரணமாக இருக்கும் என்று தெரிந்தால் நல்லது. உங்கள் கடிதங்களில் ஃபியூஸ் என்று அடிக்கடி வருவதாக ஞாபகம். அவற்றை நான் ஆற அமர வாசித்ததில்லை. இனி வாசிக்க வேண்டும்.

எதுவானாலும், இந்தத் தொல்லை வேண்டாம் என்று வண்டியை விற்க முடிவு செய்துவிட்டேன். வாங்குகிறவர் மே மாதம் பதினேழாம் தேதி, சனிக்கிழமை காலை வந்து பார்க்கிறார். உங்கள் அக்காவும் கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டாள். இனி கிளினிக்குக்கு நானே கொண்டுபோய் விட்டு நானே கூட்டிவருவேன். அவளுக்கும் அலைச்சல் மிச்சம்.

பதில் எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
அத்தான்

மே 5

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் எனக்குத் தனியாக எழுதியதில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம்.

தொடர்பு அறுவதற்குப் பல காரணம் உண்டு. கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் கிடைக்காது. காய்கறிக் கடைப் பக்கம் உயரமான மாடிகள் அதிகம், கவனித்திருப்பீர்கள். செய்தித் தொடர்பு ஃபியூஸ் தளர்ந்திருந்தாலும் இப்படி ஆகும், அதைத்தான் அக்காவுக்கு எழுதியிருந்தேன். பழைய கடிதத்தில் அந்தப் பகுதியைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். ஒயர் தடிமனிலிருந்து படிக்கத் தொடங்கினால்தான் அது புரியும்.

விற்பது நல்ல முடிவு. எனக்கும் அந்த வண்டியின் மேல் நம்பிக்கை போய்விட்டது. ஒன்று மட்டும் சொல்ல அனுமதியுங்கள். மின்சார வண்டி வாங்குகிறவர் கதவையும் டயரையும் பார்ப்பதற்கு முன்னால் திரையைத்தான் பார்ப்பார், முழுக்க ஏற்றினால் எத்தனை தூரம் காட்டுகிறது என்று. கால்வாசி சார்ஜில் நிற்கிற வண்டியைக் கண்டால் பேட்டரி செத்துவிட்டது, மறைக்கிறார்கள் என்று எண்ணி அடிமாட்டு விலைக்குக் கேட்பார். வெள்ளிக்கிழமை இரவு அளவை நூறுக்கு மாற்றி, விடிய விடிய ஏற்றிவையுங்கள். காகிதங்களையும் தயாராக மேசைமேல் எடுத்து வைத்தால் நல்லது. காலையில் வண்டியைத் துடைத்து வெளிச்சத்தில் நிறுத்தச் சொல்லுங்கள், அக்கா நன்றாகத் துடைப்பாள். சாயங்காலத்துக்குள் உங்கள் தொல்லை தீர்ந்துவிடும்.

அக்காவிடம் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தங்கள்,
ஃபியூஸ்

மே 20

அன்புள்ள உங்களுக்கு,

நான் சுகமாக வந்துசேர்ந்தேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இரவு மாத்திரை சமையலறையில் இரண்டாவது தட்டில், நீல டப்பாவில் இருக்கிறது. தேடிக்கொண்டு நிற்க வேண்டாம்.

சார்ஜரில் ஒரு கோளாறும் இல்லை. வெள்ளிக்கிழமை இரவு நீங்களே நூறு என்று மாற்றி, என்னையே கேபிளை மாட்டச் சொன்னீர்கள். தம்பியின் கடிதத்தை அன்று சாயங்காலம் நீங்கள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இரண்டு தடவை படித்ததை நான் பார்த்தேன். பழைய கடிதத்தையும் தேடி எடுத்தீர்கள். ஒயர் தடிமனில் ஆரம்பித்தீர்கள். நீங்கள் கொட்டாவி விட்டு அதை உறைக்குள் போட்டீர்கள். இத்தனை வருஷத்தில் உங்களிடமிருந்து எனக்குக் கிடைத்த உதவி அந்தக் கொட்டாவிதான்.

சனிக்கிழமை காலை சவரம் செய்துகொண்டே சாவியைத் தந்து, "வாசல்ல நிறுத்து, வெயில்ல பளபளன்னு தெரியணும்" என்றீர்கள். துடைத்தேன். மேசைமேல் நீங்கள் ஒழுங்காக எடுத்து வைத்திருந்த காகிதங்களைப் பைக்குள் வைத்தேன். ஃபியூஸைப் பிடுங்கினேன். வாசலில் நிறுத்தவில்லை.

வழி முழுக்க எண் குறைவதையே பார்த்துக்கொண்டு வந்தேன். நாற்பதைத் தொட்டபோது ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் அழுதேன், பயத்தில் இல்லை. பாதி வழி ஏற்கெனவே பின்னால் போயிருந்தது. தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றபோது ஏழு சதவீதம் மிச்சம் இருந்தது.

வாங்க வந்தவர் வீணாக அலைந்திருப்பார், அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். கிளினிக்குக்கும் எழுதிவிட்டேன். நீங்கள் இங்கே வர வேண்டாம். எழுத வேண்டுமானால் எழுதுங்கள், நடுப்பகுதியையும் விடாமல் படிப்பேன். திரும்பி வருவதைப் பற்றி எழுதினால் மட்டும் மடித்து வைத்துவிடுவேன்.

குட்டி இப்போது தானாக உட்காருகிறாள். என் மடியில் உட்கார்ந்து இந்தக் காகிதத்தைப் பிடுங்கப் பார்க்கிறாள். அவளைத் தவிர வேறு யாரும் இந்தக் கடிதத்தில் கை வைக்கவில்லை. நானே ஒட்டி, நானே போய்த் தபாலில் சேர்ப்பேன்.

நான் நலம்.